பால், புண்ணாக்கு, பேரன்

கோயம்புத்தூர்
ஐப்பசி, அடைமழை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்தது. பாதிக்கு மேல் மருமகள் புராணம், கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயம். அதிலும் ஒரு மிரட்டல்: "இதையே தொழிலாகப் பார்த்தவள் நீ. பேரனுக்குப் பால் கொடுக்கலாமா கூடாதா, ஒரே வார்த்தையில் சொல்." ஒரே வார்த்தை என்றால், கொடு. ஆனால் அதோடு நிறுத்தினால் உன் மருமகள் கேட்கமாட்டாள். செல்போன் வீடியோவில் எவனோ, பாலில் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு இருக்கிறது என்று பத்து நிமிஷம் பேசிப் பயமுறுத்தியிருக்கிறான், நான் ஒரு சொல்லில் அவனை ஜெயிக்க முடியுமா? அதனால்தான் இந்த நீளம். கடிதத்தை அவளிடமே கொடு. கெட்டிக்காரப் பெண், கணக்கைப் பார்த்தால் பிடித்துக்கொள்வாள்.

எங்கள் வீட்டுச் செய்தி அதிகமில்லை. வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, கூடவே வீட்டு மூலையில் இருக்கும் ஒட்டடையும். இவர் மாடியில் வைத்த தக்காளிச் செடி மழையில் அழுகிப்போனதில் ரொம்ப மனத்தாங்கல். சின்னவள் ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோக்காரன் சொன்ன எண்கள் பொய்யில்லை. 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வந்தது. யூரியா, சோப்புத்தூள் என்று நாம் காலங்காலமாகப் பயந்த கலப்படம் மொத்தத்தில் 12 மாதிரிகளில்தான் இருந்தது. அந்த நஞ்சு பாலில் இறங்கும் வடிவமான அஃப்ளாடாக்சின் எம்1 மட்டும் 368-ல் வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 551-க்கு 88, கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. கேரளத்தில் 187-க்கு 37, விகிதத்தில் நம்மைவிட மோசம். ஊரே பால்காரனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, விஷயம் மாட்டின் தீவனத்தொட்டியில் இருந்தது.

இது யாரும் கலப்பதில்லை. பூசணம் செய்வது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. துருவிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்த ஒருவகைப் பூசணம் கக்கிய நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். நம் நாட்டில் 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மஹால் பக்கம் மக்காச்சோளம் மழையில் நனைந்து பூசணம் பிடித்தது. வேறு சோறில்லாத ஆதிவாசி ஜனங்கள் அதையே தின்றார்கள். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்துச் சாவு. 397 பேருக்கு நோய், 106 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் மிச்சத்தைத் தின்ற நாய்களுக்கும் அதே கதி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பெரியவர் ஒருவர் இதைச் சொல்லித்தான் பாடத்தை ஆரம்பித்தார். பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே கண்ணாடித் தகட்டை வைத்தார். கடலையிலிருந்து எடுத்த சாறு தகட்டில் நீலப் புள்ளியாக ஒளிர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. பார்த்து முடித்ததும் கண்ணாடிச் சாமான்களை எல்லாம் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தோம், சாதாரணமாகக் கழுவினால் போகாது என்று.

மாடு இந்த நஞ்சைத் தின்றால் அதன் ஈரல் அதைக் கொஞ்சம் மாற்றி எம்1 ஆக்கிப் பாலில் விடுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் பாலுக்கு வரும், நன்றாகக் கறக்கும் மாட்டில் இன்னும் கொஞ்சம் கூடும். உன் கட்டுத்தரைக் கணக்கையே போடுவோம். மாடு ஒரு நாளைக்கு 2 கிலோ புண்ணாக்குத் தின்கிறது, அதில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வை. மழைக்காலத்தில் ஈரமான இடத்தில் கிடந்த மூட்டைக்கு இது அதிசயமே இல்லை. ஆக 400 மைக்ரோகிராம் உள்ளே போகிறது, 4 முதல் 8 வரை பாலில் இறங்குகிறது. 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.4 முதல் 0.8. நம் நாட்டு வரம்பு 0.5. ஒரே ஒரு மூட்டை கெட்டிருந்தால் போதும். காய்ச்சினாலும் போகாது, தயிராக்கினாலும் போகாது.

சரி, வரம்பிலேயே நிற்கும் பாலைப் பேரன் தினமும் அரை லிட்டர் குடிக்கிறான், எடை 12 கிலோ. அரை லிட்டரில் 0.25 மைக்ரோகிராம், அதாவது 250 நானோகிராம். அதை 12-ஆல் வகுத்தால் உடம்பு எடையில் கிலோவுக்கு சுமார் 21. நீ ஒரு டம்ளர், 200 மில்லி, குடித்தால் உன் 60 கிலோ எடைக்கு அது 1.7-தான். (60 என்று மரியாதைக்காகத்தான் போட்டேன்.) ஒரே மாட்டுப் பால், ஆனால் அவனுக்குப் பன்னிரண்டு மடங்கு. மருமகள் பயந்ததில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். சின்ன உடம்பு, நிறையப் பால்.

இதற்கு மேல்தான் சிக்கல். அந்த 21 பெரிதா சின்னதா? கேட்கிற ஆளைப் பொறுத்து இரண்டு விதமாகப் பதில் வரும். ஐரோப்பியக்காரர்கள் எலியில் ஈரல் கட்டி 10 சதவீதம் கூட எவ்வளவு நஞ்சு வேண்டும் என்று பார்த்து, அதற்கும் மனிதன் உண்பதற்கும் இடையே 10,000 மடங்காவது இடைவெளி இருந்தால் கவலை இல்லை என்கிறார்கள். பேரனுக்கு அந்த இடைவெளி 200-ஐக்கூடத் தொடாது. படித்தால் தூக்கிவாரிப் போடும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு வேறு வழியில் போனது: எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும் என்று நேராக எண்ணிப் பார்த்தது. அந்தக் குழுவின் 2001 கணக்குப்படி, ஹெப்படைட்டிஸ் பி கிருமி இல்லாமல் ஆயுசு முழுக்க உன்னைப்போல் ஒரு டம்ளர் குடிக்கிற 10 கோடிப் பேரில் வருஷத்துக்குக் கூடுதலாக இரண்டு பேர்கூட வராது. ஐரோப்பாவின் வரம்பு நம்முடையதில் பத்தில் ஒன்று, 0.05. அதற்கும் 0.5-க்கும் இடையே ஈரல் புற்றுநோயில் வரும் வித்தியாசம் மிகமிகச் சொற்பம் என்று அதே குழு 2001-ல் சொல்லிவிட்டது.

இரண்டும் சரிதான். முதலாவது எதை முதலில் குறைக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குச் சொல்கிற கணக்கு, எத்தனை பேர் சாவார்கள் என்பதல்ல. வீடியோக்காரர்கள் முதல் கணக்கை எடுத்து இரண்டாவது கேள்விக்குப் பதிலாக வைத்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அதில்தான்.

அந்தக் குழு சொன்ன இன்னொன்று உனக்கு ரொம்ப முக்கியம். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்பில் இருப்பவருக்கு இதே நஞ்சு, அன்றைய கணக்கில், 30 மடங்கு கெடுதல் செய்கிறது. பேரனின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல். பிறந்தவுடன் போடுவதும் பிறகு போடுபவையும் எல்லாம் போட்டிருக்கிறார்களா? பாலை நிறுத்துவதைவிட அந்த ஊசி அவனுக்குப் பல மடங்கு காவல். சீனாவில் சிதோங் என்றொரு வட்டாரம், ஈரல் புற்றுநோய்க்குப் பேர்போனது. 1980-களில் அங்கே ஜனங்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். பிந்திய தலைமுறையில் அந்த நோய்ச் சாவு பாதிக்கும் கீழே போனது. ஊசி போட்ட பிள்ளைகள் பெரியவர்களாகும் முன்பே!

இப்போது நான் சிரித்த இடத்துக்கு வருகிறேன். மருமகள் பாலை நிறுத்திவிட்டு, சத்துக்காக தினமும் இரண்டு கடலை உருண்டை கொடுக்கிறாளாம்! சரசு, நஞ்சு பிறக்கிற இடமே நிலக்கடலைதானடி. பாலில் இருப்பதன் வீரியம் கடலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. அப்படியே சாப்பிடுகிற கடலைக்குச் சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். வரம்புக்குள் இருக்கிற நல்ல கடலையே 30 கிராம் போனால், பேரனுக்குக் கிலோவுக்கு 25 நானோகிராம், முழு வீரியத்தோடு. வரம்பைத் தொட்ட அரை லிட்டர் பாலைவிடப் பன்னிரண்டு மடங்கு. இதற்காக உருண்டையையும் நிறுத்திவிடாதே. எப்போதாவது கொடு, தினப்படி வேண்டாம், கடலையைப் பொறுக்கிப் போட்டுச் செய். இந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவாது. ஆயிரம் பருப்பில் ஒன்றில் குவிந்து கிடக்கும், அந்த ஒன்றில் அளவு கன்னாபின்னாவென்று இருக்கும். ஆய்வகத்தில் எங்களுக்குத் தலைவலியே கருவி அல்ல, மூட்டையிலிருந்து மாதிரி எடுப்பதுதான். ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்துவிட்டு "சுத்தம்" என்று எழுதுவதைப்போல அபத்தம் கிடையாது. சுருங்கியது, கறுத்தது, தோல் நிறம் மாறியது, பச்சையும் மஞ்சளுமாகப் பூத்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிந்தால் பெரும்பங்கு போய்விடும். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது.

பொறுக்கியதை என்ன செய்கிறோம் என்பதுதான் வம்பு. நம் ஊரில் சொத்தைப் பருப்பு குப்பைக்கா போகிறது, ஆட்டும் ஆலைக்குப் போகிறது. எண்ணெய் வெளியே வர, நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். நாம் ஒதுக்கியதை மாட்டுக்குக் கொடுத்து அதன் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். மரச்செக்கு எண்ணெய்தான் சுத்தம் என்று இப்போது எல்லோரும் அலைகிறார்களே, அதிலும் நல்ல கடலை போட்டு ஆட்டினால்தான் சுத்தம். ரீபைண்டு எண்ணெயைத் திட்ட ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனால் சுத்திகரிப்பில் இந்த நஞ்சு போய்விடும். சொன்னால் என்னை அடிக்க வருவார்கள்.

சொந்த மாட்டுப் பால் என்பதால் உனக்கு ஒரு பாதகமும் ஒரு சாதகமும் உண்டு. சொசைட்டியில் ஊர்ப் பாலெல்லாம் ஒரே தொட்டியில் கலக்கும், ஒரு மூட்டை கெட்டாலும் கரைந்துபோகும். உன் வீட்டில் அந்த ஒரு மூட்டை நேராகப் பேரன் டம்ளருக்கு வரும். சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்-பும் (கொழுப்பு போக மீதித் திடச்சத்து) பார்ப்பார்களே தவிர இதைப் பார்ப்பதில்லை. ஆனால் மூட்டை உன் கையில் இருக்கிறது. சந்தேகமான புண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பால் தெளிந்துவிடும். மழைக்காலத்தில் மாதக்கணக்குக்கு வாங்கிப் போடாதே. தரையில் வைக்காதே, பலகை போட்டுச் சுவரிலிருந்து தள்ளி வை. உடைத்து முகர்ந்து பார், மக்கல் வாடை அடித்தால் உரக்குழிக்குப் போகட்டும், கோழிக்கும் வேண்டாம். வாடை இல்லாவிட்டால் நஞ்சே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதே. அதனால்தான் புண்ணாக்கைக் குறைத்துத் தவிடு, பருத்திக்கொட்டை என்று மாற்றி மாற்றிக் கொடு என்கிறேன். பருத்திக்கொட்டையும் ஈரத்தில் கெடும், அதையும் பார்த்துக்கொள்.

புண்ணாக்கு எந்த ஆலையில் வாங்குகிறாய், மூட்டை இப்போது எங்கே கிடக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. தை பிறந்ததும் அங்கே வரலாம் என்று இவர் சொல்கிறார்.

அன்புடன்,
விஜயா

பி.கு.: விரலி மஞ்சள் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். மெருகு ஏற்றாததாகப் பார்த்து அனுப்பு, மங்கலாக இருந்தால் பரவாயில்லை. பங்களாதேஷில் பளபளப்புக்காக மஞ்சளில் ஈயம் கலந்த சாயம் ஏற்றினார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருந்தது. பிடித்து அபராதம் போட்டு, ஊரெல்லாம் சொன்ன பிறகு 2021-ல் ஒன்றில்கூட இல்லை. அஃப்ளாடாக்சினுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. ஈயத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று இருந்த அளவை அந்த நிபுணர் குழு 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது, குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் தட்டுப்படவில்லை என்பதால்.