பரணைக் காலி செய்யும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பாட்டியோ பெரியம்மாவோ ஒரு காலத்தில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதியவர் என்று உங்கள் வீட்டில் பேச்சு உண்டா? இந்த மடல் உங்களுக்குத்தான். வீட்டை விற்கும் அவசரத்தில் அவருடைய டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

நூலகத்தில் இருக்காதா என்று கேட்பீர்கள். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய பெண்கள் பலருடைய கதைகள் பத்திரிகையில் வந்ததோடு சரி, புத்தகமாகவில்லை. புத்தகமானால் மட்டும் என்ன? நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா கடமையா’ 1938-இல் உ.வே.சா. முன்னுரையோடு வந்த நாவல். நம்மில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இன்னொரு சிக்கல், புனைபெயர். குமுதினி என்று எழுதியவர் ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி தாத்தம் என்பது இன்று தெரியும். பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. “இந்தப் பேரில் எழுதியது எங்க அத்தைதான்” என்று சொல்ல உங்கள் குடும்பத்தைத் தவிர வேறு ஆள் இல்லாமல் போயிருக்கலாம்.

பெட்டியில், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து நூல் கோத்துத் தைத்த தொடர்கதைகளை முதலில் எடுத்து வையுங்கள். பின்பக்கம் வெறும் தைல விளம்பரம்தானே என்று வெட்டிவிட வேண்டாம். எந்த வருஷத்து இதழ் என்பதற்குச் சில சமயம் அதுதான் துப்பு. சன்மானம் வந்த மணியார்டர் கூப்பன் கிடைத்தால் அது பொக்கிஷம். கதையின் பெயர் அதில் இல்லாவிட்டாலும், எந்தப் பத்திரிகை எந்த மாதம் பணம் அனுப்பியது என்று தெரிந்தால் போதும், அதை ஒட்டிய இதழ்களைத் தேடிப் பிடித்துவிடலாம். கணக்கு நோட்டுகளையும் புரட்டுங்கள், பால் கணக்குக்கு நடுவே ஒரு கதையின் முதல் பக்கம் இருக்கக்கூடும். கிழிந்த தாளில் செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

கையெழுத்து அவருடையது இல்லையே என்றும் எதையும் ஒதுக்க வேண்டாம். வை.மு. கோதைநாயகி அம்மாள் சரளமாக எழுதப் பழகாத நாட்களில், அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்ததுதான் ‘இந்திர மோகனா’ நாடகம். 1925-இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையே வாங்கி நடத்தத் தொடங்கிவிட்டார் அந்த அம்மாள்.

அந்தரங்கக் கடிதங்களை வெளியாரிடம் கொடுக்கத் தயக்கம் இருப்பது நியாயம். தனியே கட்டி வையுங்கள், எரிக்க மட்டும் வேண்டாம். மற்றவற்றை ஒப்படைக்க இடம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்து வைத்தவைதான் சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். மும்பையில் 1988-இல் தொடங்கிய ஸ்பேரோ, பெண்களின் வாழ்வையும் எழுத்தையும் ஆவணப்படுத்தவே இருக்கிறது. கொடுக்க மனமில்லையா, சரி, ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்தாவது அவர்களோடு பகிருங்கள்.

அப்புறம், எண்பதைத் தாண்டிய சித்தியோ மாமாவோ இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். என்ன பெயரில் எழுதினார், ஏன் நிறுத்தினார் என்று கேட்டு, பதிலை அவர்கள் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கதைகளைத் தேடும் ஒரு வாசகி