பரவல் என்று முடிவுகட்டுமுன் பயாப்ஸி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் நலமாக இருந்த ஒருவர், விடாத இருமலுக்காகப் பெட் சிடி ஸ்கேன் எடுக்கிறார். நெஞ்சின் நடுவே நெறிக்கட்டிகள் தெரிகின்றன, அவை புற்றுநோய்ப் பரவலாக இருக்கலாம் என்று அறிக்கை வருகிறது. அந்த 'இருக்கலாம்' வீடு போய்ச் சேர்வதற்குள் காணாமல் போய்விடுகிறது. நோயாளி நாலாம் நிலைக்குப் போய்விட்டார் என்று உறவினர் அழத் தொடங்குகிறார்கள். சில இடங்களில் அடுத்த வாரமே கீமோவுக்கு நாளும் குறித்துவிடுகிறார்கள். நோயியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இடையில் விடுபட்டுப்போகும் பயாப்ஸியை, அதாவது சிறிது திசு எடுத்துச் சோதிப்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

உடலில் செலுத்தப்படும் கதிரியக்கச் சர்க்கரைப் பொருளை எந்தத் திசு அதிகமாக உறிஞ்சுகிறது என்பதைத்தான் பெட் ஸ்கேன் காட்டுகிறது. புற்றுநோய் செல் அதை உறிஞ்சுவது போலவே, காசநோய்க் கிருமியை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களும் உறிஞ்சும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்னும்போது, இங்கே ஒளிரும் நெறிக்கட்டியைக் கண்டவுடன் காசநோயையும் நினைக்காமல் இருப்பது சரியல்ல. காசநோயைப் பரவல் என்று எண்ணிக் கீமோ கொடுத்தால் எதிர்ப்பாற்றல் மேலும் குன்றி, குணப்படுத்தக்கூடிய நோயே முற்றிவிடும்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய ஒற்றைக் கட்டி என்று கருதப்பட்ட 54 பேருக்குத் திசு எடுத்துப் பார்த்தபோது, 6 பேருக்கு அது பரவலே இல்லை என்று தெரிந்தது. சிலருக்கு மூளையிலேயே தோன்றிய கட்டி, சிலருக்குத் தொற்று அல்லது அழற்சி. அதன் பிறகு ஸ்கேன் கருவிகள் எவ்வளவோ கூர்மை பெற்றுவிட்டன, ஆனாலும் அவை காட்டுவது உருவத்தையே தவிர செல்லை அல்ல.

சரி, பரவல்தான் என்று உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தத் திசு வீணாவதில்லை. மார்பகப் புற்றுநோயில் புற்று செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய புரதங்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தே மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. முதல் கட்டியில் இருந்த இந்தத் தன்மைகள் பரவிய இடத்தில் மாறியிருப்பதும் உண்டு. பழைய அறிக்கையை மட்டும் நம்பி மருந்து எழுதினால், சிலருக்குப் பயன் தரக்கூடிய மருந்து கிடைக்காமலே போகும், வேறு சிலர் பயனில்லாத மருந்துக்குப் பணம் கட்டுவார்கள். நுரையீரல் புற்றுநோயில் புற்று செல்லின் குறிப்பிட்ட மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை வேலை செய்யாமல் போகும்போது மறுபடியும் திசு கேட்பதும் இதனால்தான்.

ஆய்வகத்தில் பலமுறை மனம் நொந்த விஷயம் ஒன்று உண்டு. எடுத்த திசு முழுவதையும், அது அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவப் பாட்டிலில் போட்டு அனுப்பிவிடுவார்கள். நுண்ணோக்கியில் காசநோய்ச் சாயல் தெரிந்து, கிருமியை வளர்த்துப் பார்க்கலாம் என்றால், ஃபார்மலினில் கிருமி செத்துப்போயிருக்கும். ஒரு துண்டைத் தனியாக உப்புநீரில் (சலைனில்) போட்டு அனுப்பியிருந்தால் போதும். எலும்பிலிருந்து எடுத்த திசுவை வன்மையான அமிலத்தில் மென்மையாக்கினால் ஏற்பிப் பரிசோதனை பொய்த்துவிடலாம் என்பதையும் ஆய்வகத்தினர் மறக்கக் கூடாது.

பயாப்ஸிக்காகக் கட்டியில் ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஊசி சென்ற வழியில் புற்று செல் படிவது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அது மிக அரிது. விதைப்பைக் கட்டியில் ஊசி போடாமல் விதையையே அகற்றுவது போன்ற விதிவிலக்குகளை மருத்துவர்கள் அறிவார்கள். ரத்தக்கசிவு, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்தல் ஆகியவை உண்மையான ஆபத்துகள், அவற்றைப் பற்றி முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எல்லாருக்கும் எல்லா இடத்திலும் ஊசி போட வேண்டும் என்பதல்ல என் வாதம். நோயாளி மிகவும் தளர்ந்திருந்தால், அல்லது முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது என்றால், அவரை வருத்த வேண்டியதில்லை. ஆனால் முதன்முறையாகப் பரவல் என்று ஐயப்படும்போது, எட்டக்கூடிய ஓரிடத்தில் திசு எடுப்பதே முறை. எடுக்க இயலாதென்றால், ஏன் இயலாது என்பதைக் கோப்பில் எழுதிக் குடும்பத்தினருக்கும் விளக்கிய பிறகே கீமோவுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோயியல் மருத்துவர்,
திருச்சி.