ஹாலஜன் பாடத்தில் கடற்பாசிக்கும் ஓர் இடம் கொடுங்கள்

பள்ளி வேதியியல் பாடநூல்களை எழுதுகிறவர்களுக்கும் திருத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். குளோரின், புரோமின், அயோடின் போன்ற ஹாலஜன்கள் சேர்ந்த கரிமச் சேர்மங்களைப் பல வருடங்களாக வகுப்பில் நடத்தி வருகிறேன். பாடம் எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். தயாரிக்கும் முறை, வினைகள், பயன்கள், கடைசியில் டி.டி.டி. பூச்சிக்கொல்லியும் ஓசோன் படலத்தின் ஓட்டையும். படித்து முடித்த பிள்ளையின் மனதில் நிற்பது இவ்வளவுதான்: கார்பனோடு குளோரினையும் புரோமினையும் கோர்த்தவன் மனிதன், அது தொழிற்சாலைச் சரக்கு.

ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “கடல் பூரா குளோரைடுதானே சார்? அதுக்குள்ளேயே வாழ்ற பாசி அதைத் தொடவே தொடாதா?” உங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.

இத்தனைக்கும் உயிரினங்களே உண்டாக்குவதாக அறியப்பட்ட ஹாலஜன் கரிமச் சேர்மங்கள் 5,000ஐத் தாண்டிவிட்டன. அதில் கணிசமான பங்கு கடலுடையது. பாசிகள், குறிப்பாகச் சிவப்புப் பாசிகள், இந்த வேலையில் கைதேர்ந்தவை. டெலீசியா என்றொரு சிவப்புப் பாசி புரோமின் ஏறிய ஃபியூரனோன்கள் என்ற கரிமச் சேர்மங்களை மேற்பரப்பில் கசியவிடுகிறது. பாக்டீரியாக்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் சைகைகளை அவை குழப்பிவிடுவதால், இலைமேல் பாக்டீரியா கூட்டமாகக் குடியேறுவது சிரமமாகிறது.

இதில் பாடத்துக்கென்றே செய்துவைத்தது போல ஒரு புதிர் இருக்கிறது. ஒரு கிலோ கடல்நீரில் குளோரைடு சுமார் 19 கிராம். புரோமைடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது, 65 மில்லிகிராம் அளவில்தான். ஆனால் பாசிகளின் சேர்மங்களில் அடிக்கடி கண்ணில் படுவது புரோமின். ஏன்? பாசியிடம் வனேடியம் கொண்ட ஒரு நொதி உண்டு. அது ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்து புரோமைடை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. குளோரைடிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவதைவிட புரோமைடிடமிருந்து பிடுங்குவது சுலபம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற அதே ஹாலஜன் வரிசைதான் இது, கடலுக்கடியில் நடக்கிறது. வனேடியம் என்றால் கந்தக அமிலத் தயாரிப்புக்கான வினையூக்கி என்று மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இது எப்படி இருக்கும், யோசியுங்கள்.

அயோடினுக்கு வருவோம். “1811இல் கூர்த்துவா கண்டுபிடித்தார்” என்று முடித்துவிடுகிறீர்கள். அந்த மனிதர் வெடியுப்புத் தொழில் செய்தவர். கடற்பாசிச் சாம்பலைக் கரைத்து உப்பெடுத்த மிச்சத்தில் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டார். குப்பென்று ஊதா நிற ஆவி எழுந்தது. குளிர்ந்த பரப்பில் பட்ட இடத்தில் கருமையாக, உலோகம் போல மினுங்கும் படிகங்களாகப் படிந்தது. திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாகும் பதங்கமாதலுக்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா? லேமினேரியா போன்ற பழுப்புப் பாசிகள் கடல்நீரில் இருப்பதைப்போல் பல்லாயிரம் மடங்கு அயோடினைச் சேர்த்து வைக்கின்றன, பெரும்பாலும் வெறும் அயோடைடாக. கடல் உள்வாங்கிப் பாசி வெளியே தெரியும்போது, ஓசோன் போன்றவற்றின் தாக்குதலை முதலில் வாங்கிக்கொள்வது இந்த அயோடைடுதான். அப்போது அயோடின் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது.

சரி, கந்தகம்? கடல்நீரில் சல்பேட்டுக்குப் பஞ்சமில்லை. பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்களான அகரிலும் கேராஜீனனிலும் சல்பேட் ஒட்டியிருக்கிறது என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும். டெஸ்மரெஸ்டியாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பழுப்புப் பாசியின் சில இனங்கள் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழ்களில் கந்தக அமிலத்தையே நிரப்பி வைத்திருக்கின்றன. அந்தச் சாற்றின் பி.எச். 1க்குப் பக்கத்தில். பாசி சேகரிப்பவர்கள் இதை மற்றவற்றோடு ஒரே வாளியில் போடுவதில்லை. போட்டால், செல்கள் உடைந்து அமிலம் கசிந்து, கரைக்கு வருவதற்குள் பக்கத்தில் கிடக்கும் பாசிகள் நிறம் மாறி வதங்கிப்போகும்.

கடல் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு டைமெத்தில் சல்பைடு என்ற கந்தக வாயு. உப்பைச் சமாளிக்கப் பாசிகளும் மிதவை நுண்ணுயிர்களும் சேர்த்து வைக்கும் ஒரு கந்தகச் சேர்மம் உடைந்துதான் இது வெளிவருகிறது. சில கடற்பறவைகள் இந்த மணத்தை மோப்பம் பிடித்தே இரை இருக்கும் இடத்துக்குப் போகின்றன. இந்த வாயு மேகங்களைப் பெருக்கிப் பூமியின் வெப்பத்தைச் சீராக்குகிறது என்று 1987இல் ஒரு கருதுகோள் வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அதைப் பலமாகக் கேள்வி கேட்டன. அதையும் மறைக்காமல் எழுதலாம்.

ஒரு பயமும் உண்டு. இதையெல்லாம் “இயற்கையின் அற்புதம்” என்று ஒரு வண்ணக் கட்டத்துக்குள் அடைத்துவிடுவீர்களோ என்று. மறுபக்கமும் வேண்டும். அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசியைத் தீவனத்தில் சிறிதளவு கலந்தால் மாடுகள் வெளியிடும் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது, சில சோதனைகளில் 80 சதவீதத்துக்கும் மேல். அதற்குக் காரணமான புரோமோஃபார்ம் என்ற புரோமின் சேர்மம் நச்சுத்தன்மை உள்ளது. மேலே போனால் ஓசோனையும் தின்னும். அதேபோல, “பாசியே செய்கிறது, அப்புறம் தொழிற்சாலையைக் குறை சொல்வானேன்” என்று ஒரு மாணவன் கிளம்பினால் அதற்கும் பதில் பாடத்திலேயே இருக்க வேண்டும். புரோமோஃபார்ம் காற்றில் சில வாரங்கள் தாங்கும். குளிர்பதனப் பெட்டிகளில் ஓடிக்கொண்டிருந்த குளோரோஃபுளோரோகார்பன்களில் சில வகைகள் நூறு வருடம் வரை தாங்கும்.

தனி அத்தியாயம் கேட்கவில்லை. இரண்டு பத்தி, பயிற்சியில் ஒரு கேள்வி: “கடல்நீரில் குளோரைடு அதிகம், பாசியில் புரோமின் சேர்மங்கள் அதிகம். காரணம் கூறு.” மூன்று மதிப்பெண் வையுங்கள். ஒரு மதிப்பெண் வைத்தால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்