ஒரு சோடி கொலுசுக்கு ஏன் மூன்று கிழமை?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆவணிக் கலியாணங்களுக்கும் பிள்ளைகளின் 31ஆம் நாளுக்கும் ஓடர்கள் வரத் தொடங்கிவிட்டன. "வெள்ளிதானே, நாலு நாளில் தர ஏலாதா?" என்று கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருபவர்கள்கூடக் கேட்கிறீர்கள். தூரத்திலிருந்து இரண்டு தரம் அலைய வைக்கிறோமே என்று எங்களுக்கும் மனவருத்தம்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதல் கிழமை நாங்கள் வெள்ளியைத் தொடுவதே இல்லை. கொப்பியில் கீறுவோம், கணக்குப் பார்ப்போம், புது மாதிரியென்றால் செப்புக் கம்பியில் ஒன்று செய்து உங்களைப் போட்டுப் பார்க்கச் சொல்வோம். பிள்ளைக்கு ஒரு காப்பு என்று வையுங்கள். உள்விட்டம் 40 மில்லிமீற்றர், கம்பியின் தடிப்பு 3. வெறும் 40ஐ 3.14ஆல் பெருக்கி வெட்டினால் காப்பு கையை இறுக்கும். தடிப்பையும் சேர்த்து 43ஐப் பெருக்க வேண்டும். 135 மில்லிமீற்றர் வரும். வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்ட. வெட்டின கம்பி திரும்ப நீளாது.

கொலுசில் கணக்கைவிட ஒழுங்குதான் பெரிது. ஒரு மணி என்பது இரண்டு அரைக்கிண்ணம். உள்ளே பரலைப் போட்டு மூடிப் பற்றவைத்த பிறகு வளையம், பிறகு சங்கிலி, கடைசியாகக் கொக்கி. ஒவ்வொரு படிக்கும் முந்தியதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பற்றாசு (பொருத்தை ஒட்டும் உலோகக் கலவை) வேண்டும். மாறினால் கொக்கியை ஒட்டும்போது மணி கழன்று விழும். பற்றாசு ஓடுவதற்காகப் பூசும் வெண்காரம் பொங்கி அடங்கிக் கண்ணாடிபோல் ஆனதும், பொருத்தில் ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று ஓடும். அந்த நொடியில் சுவாலையை விலக்க வேண்டும். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) 900 பாகை செல்சியசை எட்டுமுன்பே இளகத் தொடங்கிவிடும். கம்பி இழுக்கும்போதும் அப்படித்தான்: இழுக்க இழுக்க இறுகும், இடையிடையே மங்கல் சிவப்பாகக் காய்ச்சித் தணிக்காவிட்டால் கம்பியில் வெடிப்பு விழும். அந்தச் சிவப்பு வெயில் வெளிச்சத்தில் தெரியாது என்பதால்தான் உலைப்பக்கத்து யன்னலை அடைத்து வைத்திருக்கிறோம்.

பழைய வெள்ளி கொண்டுவருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா தன் தாயாரின் தண்டையை உருக்கி மகளுக்குக் கொலுசு செய்யத் தந்தார். உட்பக்கத்தில் எப்போதோ ஈயத்தால் ஒட்டிய ஒரு பொட்டு இருந்தது. நான் கவனிக்காமல் உருக்கும் மூசையில் போட்டுவிட்டேன். ஈயம் கலந்த வெள்ளி நொறுங்கும். கம்பியை மெல்லிதாக்கும் துளைத்தட்டில் இழுக்க இழுக்கக் கம்பி துண்டுதுண்டாகப் போனது. அதே எடைக்கு வேறு வெள்ளி கொடுத்தேன், ஆனால் அது அவருடைய தாயாரின் வெள்ளி இல்லையே. அன்றிலிருந்து எந்தப் பழைய நகையையும் அரத்தால் உரசிப் பார்த்து, பழைய பொருத்துகளை வெட்டி எடுத்த பிறகுதான் உருக்குகிறோம். வெட்டிய துண்டுகளை உங்கள் கையிலேயே தருவோம்.

ஆகவே, எங்கே திருத்திய நகை என்று தெரிந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கால் அளவுக்குப் பின்னேரம் வாருங்கள். காலையில் எடுத்த அளவு பொழுதுபட இறுகும். கலியாணத் திகதிக்கு ஒரு மாதம் முன்னதாகக் கதைத்தால் போதும்.

அன்புடன்,
திருகோணமலையில் உங்கள் வெள்ளிப் பட்டறையிலிருந்து