பொருள்: நிகழ்ச்சிப் படப்பிடிப்பு இணைய வகுப்பு – 1,288 வெள்ளிக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விற்பனைத் தம்பி தமிழில் பேசித்தான் இந்த வகுப்பை என் தலையில் கட்டினார். ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் தானியங்கிப் பதில்தான் வந்தது. அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்புகிறேன்.

என் பதிவு விவரம் உங்களிடமே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆதியிலிருந்து கதை சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் வகுப்பின் மூன்றாம் பாகப் பாடங்கள் என் கேமராவுக்கும் ஒத்துவரவில்லை, இந்த ஊருக்கும் ஒத்துவரவில்லை. அதனால்தான் பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன்.

வாரநாட்களில் எனக்கு அலுவலக வேலை. சனி ஞாயிறுகளில் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் என்று தெரிந்தவர்கள் வீட்டு விசேஷங்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். இடம் பெரும்பாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளம் அல்லது சமூக மன்ற அறை. கையில் இருப்பது கேமராவோடு வந்த சாதாரண 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். இதை வைத்துக்கொண்டு உள்ளே நல்ல படம் எடுக்க முடியுமா என்று உங்கள் இலவசப் பட்டறை முடிந்த கையோடு கேட்டேன். "அக்கா, உங்ககிட்ட இருக்கறதே தாராளமாப் போதும்க்கா, கைபேசிய வச்சே கத்துக்கறாங்க" என்றார் தம்பி. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய அந்தக் குரல்பதிவை நான் அழிக்கவில்லை. "இன்று இரவு 12 மணி வரை மட்டுமே இந்த விலை" என்று உங்கள் பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடியது. மறுநாள் காலையிலும் அதே கடிகாரம், அதே விலை, அதே "இன்று இரவு 12 மணி".

மூன்றாம் பாகத்தில் ஆசிரியர் கேமராவை எடுத்ததுமே லென்ஸை 2.8 திறப்பில் (எண் சிறிதானால் திறப்பு பெரிது) வைக்கச் சொல்கிறார். என் லென்ஸை 55க்கு நீட்டினால் அதன் அதிகபட்சத் திறப்பே 5.6தான். அவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் எனக்குக் கால்வாசி. அவர் 1600 ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்வு அளவு) எடுப்பதை நான் 6400இல் எடுக்க வேண்டும், படம் முழுக்கப் புள்ளி. அடுத்த பாடத்தில் இரண்டு ஸ்டூடியோ விளக்குகளை நிறுத்தச் சொல்கிறார். சமூக மன்ற அறையில் வாழைத்தாரையும் சீர்த்தட்டுகளையும் வைத்த பிறகு ஆள் நடக்கவே இடம் இருக்காது.

இதைத்தான் உங்கள் அழைப்பு மையத்தில் ஓர் ஆடவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் பதில்: "மேடம், நாங்க கேமராவா வித்தோம்?" சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசிச் சிரித்தார். எனக்குக் கேட்டது. பெயரைக் கேட்டேன், "பெயர் எதுக்கு மேடம்" என்றார். அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று முதலில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணிடம் ஒருவர் இப்படிப் பேசினால் சும்மா இருப்பீர்களா?

மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன்.

திறப்பு, விளக்குப் பாடங்களைவிட மோசம் ஓசையில்லாத ஷட்டர் பாடம். விசேஷத்தில் சத்தம் வராமல் இருக்க அந்த முறையில் வைத்து, விளக்கு மினுமினுப்பு வராமலிருக்க ஷட்டர் வேகத்தை 60இலோ 125இலோ (அதாவது நொடியில் 60இல் அல்லது 125இல் ஒரு பங்கு) வைத்து எடுக்கச் சொல்கிறார் ஆசிரியர். ஆசிரியர் இருக்கும் அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே அது சரி. சிங்கப்பூரில் 50 ஹெர்ட்ஸ். இங்கே பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். 50இலோ 100இலோ வைக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது உங்கள் பாடம் அல்ல, பெனின்சுலா கடைத்தொகுதியில் கேமரா பழுதுபார்க்கும் ஓர் அங்கிள். ஒரு காசு வாங்காமல் ஒரு நிமிடத்தில் சொன்னார். ஆனால் அதற்குள் உங்கள் பாடத்தை நம்பி ஒரு வளைகாப்பை எடுத்து முடித்துவிட்டேன். கர்ப்பிணிப் பெண்ணின் முகத்திலும், வளையல் அடுக்கிய இரண்டு கைகளிலும், பின்னால் நின்ற அவர் மாமியாரின் பட்டுப் புடவையிலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள். "என்னம்மா, படம் பூரா வரி வரியா இருக்கு?" என்று அந்த அக்கா கேட்டார். பணம் வாங்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குடும்பத்தில் அடுத்து வரும் கல்யாணமும் என் கையை விட்டுப் போய்விட்டது. இப்படிப் போன வேலைகள், போன பெயர் எல்லாம் சேர்த்தால் என் நட்டம் 10,000 வெள்ளிக்குக் குறையாது.

மாலை வெளிச்சப் பாடத்தில் பனி, இலையுதிர்காலம், நிதானமாகச் சாயும் சூரியன். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்து, சட்டென்று இருட்டிவிடும். சிங்கப்பூரில் விற்கிறவர்களுக்கு இதுகூடவா தெரியாது? வாரந்தோறும் தமிழில் கேள்வி நேரம் உண்டு என்றீர்கள், அது பெரும்பாலும் ரத்து.

14 நாள் நிபந்தனையற்ற உத்தரவாதம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக்குள்ளேயே கேட்டேன். ஒருவர், 20 விழுக்காட்டுக்கு மேல் பார்த்திருந்தால் பணம் கிடையாது என்றார். இன்னொருவர், எல்லா வீட்டுப்பாடமும் முடித்து அனுப்பினால்தான் பரிசீலிப்போம் என்றார். பாடத்தைப் பார்க்காமல் வீட்டுப்பாடத்தை எப்படி முடிப்பது? ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதுபோல் அமைத்திருப்பதும் நீங்கள்தான். நான் சமையலறையில் இருந்தபோது ஓடியதெல்லாம் என் கணக்கில் ஏறியிருக்கிறது.

நேரில் பேசிவிடலாம் என்று பில்லில் உள்ள முகவரிக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஈசூனில் ரயில் ஏறி, பீஷானில் மாறி, மெக்பர்சனில் மாறி, உபியில் இறங்கி, வெயிலில் நடந்து போனால், அங்கே உங்கள் அலுவலகமே இல்லை. வரிசையாகத் தபால் பெட்டிகள், ஒரு முகப்பு, அதில் ஒரு பெண். "இங்கே கடிதம் மட்டும்தான் வாங்குவோம்" என்றார். பாவம், அவர் என்ன செய்வார்? வாசலில் நின்றபடியே உங்களை அழைத்தேன். எடுத்தது அதே ஆள். "நேர்ல வரச் சொல்லி யாராவது சொன்னாங்களா மேடம்?" என்றார். ஒரு நாள் சம்பளமும் போய், இந்தப் பேச்சையும் கேட்க வேண்டியிருந்தது.

ஐயா, நான் சண்டைக்காரி அல்ல. பணத்தைக் கொடுத்தால் இதோடு விட்டுவிடுவேன். ஆனால் இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பதைப் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் நியாயமற்ற செயல் என்கிறது. அந்தக் குரல்பதிவே எனக்குச் சாட்சி. சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுத வேண்டிய புகாரைத் தயாராக வைத்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. என்னைப் போன்ற பயனீட்டாளர் 5,000 வெள்ளி வரை கோர, கட்டணம் 10 வெள்ளிதான். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, உங்கள் தரப்பில் யாராவது ஒருவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். "நாங்க கேமராவா வித்தோம்" என்றவரையே அனுப்புங்கள், நடுவர் முன்னால் அதே வார்த்தையைச் சொல்லட்டும்.

இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் 1,288 வெள்ளியையும் முழுமையாக, எந்தப் பிடித்தமும் இல்லாமல், நான் கட்டிய அட்டைக்கோ, பேநவ் (கைபேசிவழி வங்கிப் பணமாற்று) மூலமாகவோ அனுப்பிவைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பணத்துக்குப் பதிலாக வேறு வகுப்புக்கான கூப்பன் தருவதாக இருந்தால், தயவுசெய்து பதிலே எழுத வேண்டாம்.

இன்னொன்று. நேற்றிரவும் உங்களிடமிருந்து "வாழ்த்துகள்! மேல்நிலை வகுப்புக்கு நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்" என்று வாட்ஸ்அப் வந்தது, கீழே அந்தக் கடிகாரத்தோடு. அதை அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், வாட்ஸ்அப் குரல்பதிவு, வளைகாப்புப் படங்கள் (முகங்கள் மறைக்கப்பட்டவை)