மைக்கா பசை வினீருக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு மரவேலைக் குறிப்புகள் பலவற்றில் மைக்கா எனும் பிளாஸ்டிக் மேல்தகட்டை ஒட்டும் ரப்பர் பசையையே, பலகைமேல் ஒட்டும் மெல்லிய மர ஏடான வினீருக்கும் சிபாரிசு செய்கிறார்கள். தடவி, ஈரம் உலர்ந்ததும் வைத்து அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும், கிளாம்ப் தேவையில்லை. சுலபம்தான். வினை பாலிஷ் போடும்போது தெரியும்.

மைக்காவுக்குள் திரவம் புகாது. வினீரோ சுமார் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள மரச்சீவல். பாலிஷாகப் பூசும் லாக்கரில் உள்ள தின்னர் என்ற கரைப்பான் அதன் துளைகள் வழியே இறங்கிப் பசையை இளக்க, ஆங்காங்கே கொப்புளம் கிளம்பும். அதில் தப்பினாலும், ரப்பர் பசை முழுக்க இறுகுவதே இல்லை. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்கும்போது வினீர் மெல்ல நகர்ந்து, இணைப்புகளில் இடைவெளி விழும். முதுகில் தாளோ தகடோ ஒட்டி வரும் வினீருக்கு மட்டும் அந்தப் பசை சரி.

மர ரேகை நேராக ஓடும் வினீரைச் சமதளத்தில் ஒட்ட, மரம் ஒட்டும் வெள்ளைப் பசையே போதும். அதைப் பலகையில் மட்டும் தடவுங்கள். வினீரில் தடவினால் நனைந்த பக்கம் உப்பி, சுருண்டுவிடும். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம், சிறு ரோலரால் சீராக. கூடிப்போனால் துளை வழியே மேலே கசிந்து, சாயம் ஏறாத வெளிறிய திட்டுகளாக நிற்கும். பசை உலரத் தொடங்குமுன் மேலே பாலித்தீன் தாள், அதன்மேல் கனமான பலகை, பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கிளாம்ப். ஓரத்தை முதலில் இறுக்கினால் காற்றும் பசையும் நடுவில் சிக்கிக்கொள்ளும். மறுநாள்வரை உப்புத்தாளைத் தொடவேண்டாம்.

முடிச்சு மண்டிய வினீர், துண்டு சேர்த்த வேலைப்பாடு, வளைவு ஆகியவற்றுக்கு வெள்ளைப் பசையும் சற்று இளக்கமானதே. அங்கே தூளாக வரும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் எங்கள் தேர்வு: கல்லாக இறுகும், அடுக்கிச் சரிசெய்ய அவகாசமும் தரும். குளிரில் சரியாக இறுகாது என்பதால் அறை 20 டிகிரிக்குக் குறையக் கூடாது. தூளைக் கரைக்கும்போது முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம்.

பழைய மரச்சாமான்களின் பழுதுக்கு, விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரப் பசை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி அளவில் உருக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும். ஈரமும் சூடும் கொடுத்தால் விட்டுக்கொடுக்கும் என்பதால் பின்னாளில் கழற்றவும் வசதி.

எந்தப் பசையானாலும் பலகையின் பின்பக்கத்திலும் அதே பசையால் ஒரு வினீர் ஒட்டியாக வேண்டும். ஒருபக்கம் மட்டும் ஒட்டிய கதவு, பசை காயும்போதே வளையத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
மரவேலைப் பயிற்றுநர்கள்