சாய்தளம் சரி, உள்ளே இருக்கும் கதவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூரில் இப்போது கட்டும் கட்டடங்கள் பலவற்றில் வாசலிலேயே சாய்தளம் வைத்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் உள்ளே ஏசி அறைக்கும் கழிப்பறைக்கும் போட்டிருக்கும் கதவுகளை யாரும் கவனிப்பதில்லை.

சக்கர நாற்காலியில் இருக்கும் என் அக்காவோடு அண்மையில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கதவை இழுக்க ஒரு கை வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு கையால் சக்கரத்தைத் தள்ளினால் நாற்காலி பின்னால் போகாமல் அப்படியே திரும்புகிறது. பாதி திறந்த கதவு கால்தாங்கியில் இடித்து நிற்கிறது. "நல்லா இழுங்கம்மா" என்று உட்கார்ந்தபடியே சொன்னார் காவலாளி.

இத்தனைக்கும் பெரும்பாலும் கனம் கதவில் இல்லை, கதவு தானே மூடிக்கொள்ள மேலே மாட்டியிருக்கும் டோர் குளோசரில்தான். ஆளைக் கூப்பிட்டால் பக்கத்திலுள்ள ஸ்க்ரூவைத் திருகிவிட்டுப் போய்விடுவார். அது கதவு மூடும் வேகத்தை மாற்றுமே தவிர, திறக்கும் பாரத்தைக் குறைக்காது. குறைக்க வேண்டியது ஸ்பிரிங்கின் விசையை. சில மாடல்களில் அதற்கென்று தனித் திருகு உண்டு. இல்லையென்றால் கதவின் அகலத்துக்கு ஏற்ற சிறிய குளோசராக மாற்ற வேண்டும். அப்படியே உருண்டைக் கைப்பிடியை எடுத்துவிட்டு, முழங்கையாலும் அழுத்தித் திறக்கிற நீளக் கைப்பிடி போடலாம். தொழுநோயால் விரல் மடங்கியவர்களுக்குப் பக்கத்திலுள்ள கரிகிரி மருத்துவமனையில் இத்தனை காலம் சிகிச்சை நடக்கிற ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

அளந்து பார்ப்பதும் சுலபம். பழைய பேப்பர்காரரின் ஸ்பிரிங் தராசுக் கொக்கியைக் கைப்பிடியில் மாட்டி, மெதுவாக நேராக இழுத்தால் போதும். அமெரிக்க விதிப்படி உட்புறக் கீல் கதவு சுமார் 22 நியூட்டனில், அதாவது இரண்டேகால் கிலோ இழுப்பில் திறக்க வேண்டும். தீத்தடுப்புக் கதவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்காகத் தீயணைப்பு சிலிண்டரையே முட்டுக்கொடுத்து அதைத் திறந்து வைக்கிறார்களே, அது இன்னும் ஆபத்து! காந்தத்தில் பிடித்து நிறுத்தி, அலாரம் அடித்ததும் தானே மூடிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, அதன் விதிகள் வந்த 2017-இலிருந்து கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. இனி ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் சாய்தளத்தைப் படம் எடுத்ததோடு திரும்பாமல், சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரையும் கூட அழைத்துவந்து கழிப்பறைக் கதவு வரை திறந்து பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்